கேன்டீன் ஒப்பந்தம் புதுப்பிக்கிறோம்: பிள்ளைகளுக்கு உடல் பருமன் வராமல் தடுக்க எதிலிருந்து தொடங்குவது?

கேள்வி: பெஆ_குழு

வணக்கம். ஒன்று முதல் எட்டு வரை 820 பிள்ளைகள் படிக்கும் தனியார் பள்ளி. ஜூனில் கேன்டீன் ஒப்பந்தம் முடிகிறது. அதோடு சேர்த்து, உடல் பருமனைத் தடுக்க ஓராண்டுத் திட்டம் ஒன்றை எழுதித் தரும்படி நிர்வாகம் பெற்றோர் ஆசிரியர் குழுவிடம் கேட்டிருக்கிறது.

இப்போதைய நிலவரம்: கேன்டீனில் சிப்ஸ், கிரீம் பிஸ்கட், 200 மில்லி மாம்பழ பானம், சமோசா, பப்ஸ். விளையாட்டு வகுப்பு வாரத்துக்கு இரண்டு, ஒவ்வொன்றும் 40 நிமிடம். மைதானம் என்று சொன்னால் ஒரு கூடைப்பந்து ஆடுகளம் அளவு. குடிநீர் தரைத்தளத்தில் ஒரே இடத்தில்.

கூட்டத்தில் வந்த யோசனைகள் மூன்று. எல்லாருக்கும் உயரம், எடை பார்த்து பிஎம்ஐ (கிலோ எடையை மீட்டர் உயரத்தின் வர்க்கத்தால் வகுத்து வரும் எண்) போடுவது. எடை கூடின பிள்ளைகளுக்கு மட்டும் மாலையில் தனி உடற்பயிற்சி வகுப்பு. சிபிஎஸ்இ 2025 மே மாதம் சொன்ன மாதிரி, எந்தத் தின்பண்டத்தில், பானத்தில் எவ்வளவு சர்க்கரை என்று காட்டும் சர்க்கரைப் பலகை வைப்பது. இதில் எது உருப்படும்? முதலில் எதில் கை வைப்பது? அளவு, எண்ணிக்கையோடு சொன்னால் திட்டத்தில் அப்படியே எழுத வசதி.

பதில்: உணவுக்கணக்கு

இரண்டாவது யோசனையை இப்போதே அடித்துவிடுங்கள். அதைச் செய்து பார்த்த நாடு சிங்கப்பூர். 1992-ல் ‘டிரிம் அண்ட் ஃபிட்’ என்று திட்டம் போட்டு, எடை கூடின பிள்ளைகளைத் தனியே பிரித்து இடைவேளையிலும் பள்ளி நேரம் போகவும் ஓடவிட்டார்கள். கணக்கில் பார்த்தால் தோல்வி இல்லை. பருமனான மாணவர்கள் 1992-ல் 14 சதவீதம், 2006-ல் 9.5 சதவீதம். ஆனால் திட்டத்தின் பெயரைச் சுருக்கி ‘டாஃப்’ என்றார்கள். அந்த மூன்று ஆங்கில எழுத்தைத் (TAF) திருப்பிப் போட்டால் ‘ஃபேட்’ (FAT), அதாவது குண்டு. பிள்ளைகள் அதைக் கண்டுபிடிக்க எவ்வளவு நேரம் ஆகியிருக்கும்? கேலி பெரிய பிரச்சினையாகி, 2007-ல் அதை எடுத்துவிட்டு எல்லாப் பிள்ளைகளுக்குமான பொதுத் திட்டத்துக்கு மாறினார்கள். 15 வருடம் கழித்து அவர்கள் வந்து சேர்ந்த இடத்தில் நீங்கள் முதல் நாளே நின்றுகொள்ளலாம்: பிள்ளையைப் பிரிக்காதீர்கள், பள்ளியை மாற்றுங்கள்.

ஜூன் ஒப்பந்தம் கையில் இருப்பதால் கேன்டீன்தான் முதல் வேலை. அதில் மூன்று விஷயம்.

ஒன்று, தடைப் பட்டியல் எழுதாதீர்கள், அனுமதிப் பட்டியல் எழுதுங்கள். ‘சிப்ஸ் கூடாது’ என்று எழுதினால் மறுவாரம் ‘மல்டி கிரெயின் ரிங்ஸ்’ வரும். அதுவும் பொரித்ததுதான். ‘குளிர்பானம் கூடாது’ என்றால் பழப்படம் போட்ட டப்பா வரும். இன்னின்ன மட்டும் விற்கலாம், பட்டியலில் இல்லாததைக் குழு எழுத்தில் ஒப்புக்கொண்ட பிறகே விற்கலாம் என்று இருக்க வேண்டும்.

இரண்டு, சட்டம் உங்கள் பக்கம் இருக்கிறது, ஒப்பந்தத்தில் அதைக் குறிப்பிடுங்கள். இந்திய உணவுப் பாதுகாப்பு, தர ஆணையமான எஃப்எஸ்எஸ்ஏஐயின் 2020ஆம் ஆண்டுப் பள்ளி உணவு ஒழுங்குமுறைப்படி கொழுப்பு, உப்பு, சர்க்கரை மிகுந்த உணவைப் பள்ளிக்குள்ளும், வாசலிலிருந்து 50 மீட்டருக்குள்ளும் பிள்ளைகளுக்கு விற்கக் கூடாது. விளம்பரமும் கூடாது. பிஸ்கட் கம்பெனி இலவசமாகத் தரும் கால அட்டவணைப் பலகை, விளையாட்டு விழாவுக்கு வரும் பான நிறுவனப் பேனர் எல்லாம் இதில் அடங்கும்.

மூன்று, வாடகை. இதை யாரும் பேசுவதில்லை. கேன்டீனை அதிகத் தொகை கேட்டவருக்கு ஏலம் விடுகிற பள்ளி, பாக்கெட் விற்கத்தான் அவரைக் கூப்பிடுகிறது. வாடகையைப் பாதியாகக் குறைக்க நிர்வாகம் சம்மதிக்காவிட்டால் மற்ற ஷரத்துகள் வெறும் காகிதம்.

மாம்பழ பானத்தின் கணக்கையும் சொல்லிவிடுகிறேன், கூட்டத்தில் பயன்படும். இந்த வகைப் பானங்களில் 100 மில்லிக்கு ஏறக்குறைய 13 கிராம் சர்க்கரை இருக்கும். 200 மில்லியில் 26 கிராம், அதாவது ஐந்து தேக்கரண்டி. ஒரு நாளைக்கு 1,600 கலோரி தேவைப்படும் பிள்ளைக்கு சர்க்கரையிலிருந்து வரும் கலோரிக்கு உலக சுகாதார நிறுவனம் வைத்த 10 சதவீத உச்சவரம்பு 40 கிராம். அதே நிறுவனம் இன்னும் நல்லது என்று சொல்லும் 5 சதவீதம் 20 கிராம். ஒரு டப்பாவிலேயே அது தாண்டிவிட்டது. பானமாகப் போகும் கலோரிக்கு வயிறு நிறைந்த உணர்வும் வராது, மதியச் சாப்பாடும் குறையாது.

பதில்: ஸ்டெத்

பிஎம்ஐ எடுப்பது நல்லதுதான், ஆனால் பெரும்பாலான பள்ளிகளில் எடுக்கும் அளவு குப்பைக்குத்தான் போக வேண்டும். காரணம் எடை இல்லை, உயரம்.

ஒரு உதாரணம். சரியாகப் பத்து வயது நிறைந்த பையன், 41 கிலோ, 140 செ.மீ. பிஎம்ஐ 20.9. உலக சுகாதார நிறுவன வளர்ச்சி அட்டவணையில் அந்த வயதுப் பையனுக்கு 18.5-க்கு மேல் அதிக எடை, 21.4-க்கு மேல் பருமன். ஆக இவன் அதிக எடை. அதே பையன் சற்றுக் கூனி நின்று 137 என்று எழுதப்பட்டால் பிஎம்ஐ 21.8, பருமன். மூன்று செ.மீ. தவறு, வேறு பட்டம்.

தவறு எங்கெல்லாம் வரும்: சுவரில் பெயின்டால் கோடு போட்டு வைப்பது. சுவரடியில் ஒட்டியிருக்கும் டைல்ஸ் விளிம்பு குதிகாலை முன்னால் தள்ளும், முதுகு சுவரில் படாது. ஸ்கேலைச் சாய்த்துத் தலையில் வைப்பது. பெண் பிள்ளைகளின் உச்சிக் கொண்டை, மடித்துக் கட்டின சடை, பூ. காலணி.

செய்ய வேண்டியது: உயரமானியைத் தட்டையான சுவரில் பொருத்துங்கள். குதிகால், பின்பகுதி, தோள்பட்டை சுவரில் பட வேண்டும். கண்குழியின் கீழ் விளிம்பும் காதுத் துளையும் ஒரே மட்டத்தில் இருக்க வேண்டும். 0.1 செ.மீ. வரை எழுதுங்கள். இரண்டு முறை எடுங்கள், அரை செ.மீ.க்கு மேல் வித்தியாசம் வந்தால் மூன்றாவது முறை. எடை மிஷின் கம்பளம், பாய் மேல் இருக்கக் கூடாது. தினமும் தொடங்கும் முன் மளிகைக் கடையில் எடை சரிபார்த்த 20 கிலோ மூட்டையை வைத்துப் பாருங்கள். ஒரு பிள்ளைக்கு ஒன்றரை நிமிடம் என்றால் 820 பேருக்கு 20 மணி நேரம் சொச்சம். தினம் இரண்டு மணி நேரம், இரண்டு வாரம். ஆண்டுக்கு இரண்டு தடவை போதும், ஜூலை, ஜனவரி.

எந்த அட்டவணை என்றால், 5 முதல் 18 வயது இந்தியப் பிள்ளைகளுக்கு இந்தியக் குழந்தை மருத்துவர் சங்கத்தின் 2015 வரைபடம். பெரியவர்களுக்கான 23 (அதிக எடை), 27 (பருமன்) என்ற அளவுகளுக்கு இணையான கோடுகள் அதில் வயதுவாரியாக இருக்கும். பெரியவர்களுக்கான எண்ணை நேரடியாகப் பிள்ளைக்குப் போடாதீர்கள். ஏழு வயதுப் பிள்ளைக்கு பிஎம்ஐ 22 வந்தால் ‘நார்மல்’ என்று எழுதிவிட்டுப் போகும் கூத்து நடக்கிறது. அது நார்மல் இல்லை, பருமன்.

எண்ணைச் சத்தமாகச் சொல்லக் கூடாது. ஒருவர் அளக்க, ஒருவர் எழுத, அடுத்த பிள்ளை அறைக்கு வெளியே. முடிவு ஒட்டின கவரில் எல்லாப் பிள்ளைக்கும் போக வேண்டும். எடை கூடினவருக்கு மட்டும் கவர் கொடுத்தால் கவரே பட்டப்பெயராகிவிடும். வகுப்பு வாட்ஸ்அப் குழுவில் பட்டியல் போடுவதைப் பற்றிச் சொல்லவே வேண்டாம். கவருக்குள் ‘வயதுக்குரிய அளவைவிட எடை கூடுதல், மருத்துவரிடம் ஒருமுறை காட்டவும்’ என்றால் போதும். டயட் ஆலோசனை எழுதாதீர்கள். வளரும் பிள்ளைக்கு எடையைக் குறைப்பது பெரும்பாலும் இலக்கே இல்லை. எடை நிற்க, உயரம் ஏற, பிஎம்ஐ தானாக இறங்கும்.

அளக்கும்போது கழுத்தின் பின்புறத்தையும் ஒரு பார்வை பாருங்கள். தடித்து, வெல்வெட் மாதிரி கறுத்திருந்தால் அது அழுக்கு இல்லை. வீட்டில் அழுக்கு என்று நினைத்துக் கடலை மாவு, எலுமிச்சை போட்டுத் தேய்த்துத் தோலைப் புண்ணாக்குவார்கள். பல நேரம் அது இன்சுலின் சரியாக வேலை செய்யாததன் அடையாளம். அந்தப் பிள்ளை மருத்துவரிடம் போயே ஆக வேண்டும். இரவில் குறட்டை விட்டுப் பகலில் தூங்கி விழும் பிள்ளையும் அப்படியே. எடை கூடுதலாக இருந்து உயரம் மட்டும் வகுப்பிலேயே குறைவாக இருந்தால் தைராய்டு போன்ற காரணம் இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். சாப்பாட்டால் வரும் பருமனில் பிள்ளை பெரும்பாலும் வயதுக்குச் சற்று உயரமாகவே இருக்கும்.

பதில்: பெஆ_குழு

இருவருக்கும் நன்றி. இரண்டாவது யோசனையை எடுத்துவிட்டேன். ஆனால் இப்போதைய கேன்டீன்காரர், ‘சுண்டல் விற்றால் கட்டுப்படியாகாது, மீந்து போகும்’ என்கிறார். அது உண்மையா, சாக்கா?

பதில்: அண்டா

பாதி உண்மை. லாபம் இல்லை என்பது சாக்கு. வேலை அதிகம், மீந்தால் நட்டம் என்பது உண்மை. பத்து ரூபாய் சிப்ஸ் பாக்கெட்டில் கடைக்காரருக்கு நிற்பது ஒரு ரூபாய் சொச்சம். ஆனால் அதை ஊற வைக்க வேண்டாம், வேக வைக்க வேண்டாம், இன்று விற்காவிட்டால் அடுத்த மாதம் விற்கலாம்.

சுண்டல் கணக்கு: ஒரு கிலோ கறுப்புக் கொண்டைக்கடலை வெந்தபின் இரண்டு கிலோவுக்குச் சற்று மேல் வரும். 75 கிராம் கிண்ணம் என்றால் 28 கிண்ணம். கடலை கிலோ 100 ரூபாய் என்று வைத்துக்கொண்டால், எண்ணெய், தேங்காய், தாளிப்பு, கேஸ் எல்லாம் சேர்த்து 140 ரூபாய். கிண்ணம் ஐந்து ரூபாய் அடக்கம், பத்துக்கு விற்கலாம்.

கிலோவுக்கு எண்ணெய் 30 மில்லி, உப்பு 10 கிராம், அதற்கு மேல் வேண்டாம். உப்பு முக்கால் வேக்காட்டில். எட்டு மணி நேரம் ஊறினால் போதும். சித்திரை வெயிலில் இரவு முழுக்க அதே தண்ணீரில் விட்டால் நுரைத்துப் புளிக்கும், நடுவில் ஒரு தடவை தண்ணீர் மாற்ற வேண்டும். தேங்காயை அடுப்படியிலேயே கலந்துவிடுவதுதான் எல்லாரும் செய்யும் தப்பு. 10.40 இடைவேளைக்கு ஏழு மணிக்கே கலந்தால் கெட்ட வாடை வந்துவிடும். தேங்காயும் மாங்காயும் விற்கும் இடத்தில், விற்பதற்குச் சற்று முன்புதான்.

மீதியைத் தவிர்க்க: முதல் வாரம் 150 கிண்ணத்துக்கு மேல் போடாதீர்கள், ஐந்தரை கிலோ கடலை போதும். தீர்ந்து போனாலும் பரவாயில்லை. தீர்ந்துபோகிற பொருளுக்குத்தான் மறுநாள் முன்னால் ஓடி வருவார்கள். ஒரே சுண்டலைத் தினமும் போட்டால் மூன்றாம் வாரம் விற்பனை படுத்துவிடும். கடலை, பச்சைப் பயறு, அவித்த வேர்க்கடலை, சோளம், தட்டைப் பயறு என்று சுற்றி வாருங்கள். வேர்க்கடலை ஒவ்வாமை உள்ள பிள்ளை இருக்கிறதா என்று சேர்க்கைப் படிவத்தில் கேட்டுக்கொள்ளுங்கள்.

உண்மையான இடைஞ்சல் வரிசை. 20 நிமிட இடைவேளையில் ஒரு கவுன்ட்டரில் ஆள் நிமிடத்துக்கு ஏழு பேருக்குக் கொடுப்பார், மொத்தம் 140 பேர். பாக்கெட் என்றால் இரண்டு மடங்கு வேகம். அதனால் மணி அடிக்கும் முன்பே சில்வர் கிண்ணத்தில் நிரப்பி அடுக்கி வைக்க வேண்டும், இரண்டு கவுன்ட்டர் வேண்டும், காசுக்குப் பதில் காலையிலேயே வகுப்பில் டோக்கன். இந்த மூன்றும் இல்லாமல் மெனுவை மட்டும் மாற்றின இடத்தில் பிள்ளைகள் வரிசையைப் பார்த்துவிட்டுத் திரும்பிப் போவார்கள், கேன்டீன்காரர் ‘பார்த்தீர்களா, யாரும் வாங்கவில்லை’ என்பார்.

மோர்: ஒரு லிட்டர் தயிருக்கு மூன்று லிட்டர் தண்ணீர், உப்பு 10 கிராம், இஞ்சி, கறிவேப்பிலை. 200 மில்லி டம்ளர் 20 வரும். பழத்தில் வாழைப்பழமும் முழுக் கொய்யாவும்தான் சிக்கல் இல்லாதவை. நறுக்கின பழத்துக்கு ஈ, கத்தி, தண்ணீர் என்று மூன்று தலைவலி.

சமோசாவை ஒரேயடியாக நிறுத்தினால் வெளியே போய் வாங்குவார்கள். வாரத்தில் ஒரு நாள் வைத்துக்கொள்ளுங்கள். எண்ணெயை அன்றே கணக்கு முடிக்கச் சொல்லுங்கள். மிஞ்சின எண்ணெயில் மறுவாரம் பொரிக்கக் கூடாது. பப்ஸ் வேண்டவே வேண்டாம். 2022 முதல் டிரான்ஸ் கொழுப்பு 2 சதவீதத்துக்குள் என்று விதி வந்துவிட்டாலும், அந்த அடுக்கு அடுக்கான மாவு முழுக்கச் செறிவுற்ற கொழுப்புதான்.

பதில்: விசில்

விளையாட்டு வகுப்பு பற்றி யாரும் சொல்லவில்லை, நான் சொல்கிறேன். 40 நிமிடம் என்பது தாளில். மாடியிலிருந்து இறங்க, வரிசை போட, வருகை எடுக்க, திரும்பிப் போகப் பன்னிரண்டு நிமிடம். மீதி 28-ல் 40 பிள்ளைக்கு ஒரு பந்து கொடுத்துக் கிரிக்கெட் ஆடவிட்டால் பந்து போடுபவன், அடிப்பவன், ஓடிப் பொறுக்குபவன் தவிர எல்லாரும் நிற்கிறார்கள். ஒரு ஸ்டாப்வாட்ச்சை எடுத்து ஒரு பிள்ளையை மட்டும் கவனியுங்கள். உண்மையில் ஓடினது நாலைந்து நிமிடம் தேறினால் பெரிது. வகுப்பில் பாதி நேரமாவது மூச்சு வாங்க அசைய வேண்டும், அதாவது பேச முடியும், பாட முடியாது என்ற நிலை.

நம் ஊர் விளையாட்டு என்றாலே நல்லது என்று எண்ண வேண்டாம். கோகோவில் எட்டுப் பேர் உட்கார்ந்திருக்க ஒருவர் விரட்டுகிறார். கபடியில் ஒருவர் பாடிப் போக மற்றவர்கள் கால் மாற்றுகிறார்கள். ஆட்டத்தை வெட்ட வேண்டும்: நாலு பேர் கோகோ, ஐந்து நிமிட ஆட்டம், பக்கத்திலேயே இன்னொரு களம். உங்கள் கூடைப்பந்து ஆடுகளம் 28-க்கு 15 மீட்டர். அதை ஆறாகப் பிரித்தால் ஒவ்வொரு கட்டத்திலும் ஆறேழு பிள்ளைகள்: ஸ்கிப்பிங், நொண்டி, பந்து கடத்துதல், ஏணி ஓட்டம், ரிங், தண்டால். நாலு நிமிடத்துக்கு ஒரு விசில், கட்டம் மாறு. ஸ்கிப்பிங் கயிறு எட்டு, பந்து எட்டு, கூம்பு இருபது இருந்தால் போதும்.

‘அவுட்’ ஆனவர் ஓரமாக நிற்கும் ஆட்டம் எதையும் வைக்காதீர்கள். யாருக்கு அசைவு அதிகம் தேவையோ அந்தப் பிள்ளைதான் முதலில் அவுட் ஆகும். தண்டனையாக மைதானத்தைச் சுற்றவிடுவதையும் நிறுத்துங்கள். வீட்டுப்பாடம் எழுதாததற்கும் ஓட்டம், உடம்புக்கு நல்லது என்பதும் ஓட்டம் என்றால் பிள்ளை எதை நம்பும்? மார்ச் முதல் ஜூலை வரை பத்து மணிக்கு முன்போ மூன்றரைக்குப் பின்போ மட்டும்.

அப்புறம், கணக்கு வாத்தியார் கடன் வாங்கித் திருப்பித் தராத பீரியட். கால அட்டவணையில் ‘மாற்றத்தக்கதல்ல’ என்று அச்சிட்டுத் தலைமையாசிரியர் கையெழுத்து வாங்குங்கள். வாரம் 80 நிமிடத்தை வைத்துக்கொண்டு, 5 முதல் 17 வயதுக்கு உலக சுகாதார நிறுவனம் சொல்லும் தினம் 60 நிமிடத்தை எட்ட முடியாது. ஆகவே இடைவேளையில் கீழே இறங்கக் கூடாது என்ற விதி இருந்தால் முதலில் அதை எடுங்கள். காசு செலவில்லாத மாற்றம் அது ஒன்றுதான்.

பதில்: சந்தேகப்பேர்வழி

எல்லாம் சரி. பள்ளியில் இப்படிச் செய்து எடை குறைந்ததாக ஆதாரம் இருக்கிறதா? பிரிட்டனில் வேவ்ஸ் என்று ஒரு ஆய்வு, வெஸ்ட் மிட்லண்ட்ஸ் பகுதியில் 54 தொடக்கப் பள்ளிகள், தினம் 30 நிமிடக் கூடுதல் அசைவு, பெற்றோருக்குச் சமையல் வகுப்பு எல்லாம் வைத்தார்கள். 2018-ல் முடிவு வந்தது. பிஎம்ஐயில் சொல்லும்படி மாற்றம் இல்லை.

பதில்: உணவுக்கணக்கு

நியாயமான கேள்வி. வேவ்ஸ் முடிவு நீங்கள் சொன்னபடிதான். மறுபக்கம் ஜெர்மனியில் டார்ட்மண்ட், எசன் நகரங்களில் 32 தொடக்கப் பள்ளிகளில் நடந்த ஆய்வு, 2009-ல் வெளிவந்தது. சில பள்ளிகளில் குடிநீர் ஊற்று வைத்து, பிள்ளைக்கு ஒரு பாட்டில் கொடுத்து, நாலு பாடம் நடத்தினார்கள். ஒரு பள்ளி ஆண்டில் அந்தப் பள்ளிகளில் அதிக எடைக்கான வாய்ப்பு மற்றவற்றைவிட 31 சதவீதம் குறைவு. இரண்டையும் சேர்த்துப் பார்த்தால், ஆசிரியர் தலையில் கூடுதல் வேலை ஏற்றும் திட்டம் மெல்லத் தேயும், குழாய் மாதிரி ஒரு தடவை பொருத்தினால் நிற்கும் மாற்றம் தங்கும் என்பது என் கணிப்பு.

ஆகவே பெஆ குழுவுக்கு: தரைத்தளத்தில் ஒரே இடம் என்பது போதாது, மாடிக்கு ஒன்று வேண்டும். கேரளப் பள்ளிகளில் 2019-ல் பரவிய தண்ணீர் மணி, அதாவது தண்ணீர் குடிக்க நினைவூட்டி அடிக்கும் மணி, நல்ல பழக்கம். ஆனால் மணி அடித்தாலும் பெண் பிள்ளைகள் குடிக்க மாட்டார்கள், கழிப்பறை நாறினால். தண்ணீர்த் திட்டத்தில் பாதிச் செலவைக் கழிப்பறைக்கு ஒதுக்குங்கள்.

ஓராண்டில் பிஎம்ஐ சராசரி இறங்கும் என்று நிர்வாகத்துக்கு வாக்குக் கொடுக்காதீர்கள். இறங்காது, இரண்டாம் ஆண்டு திட்டத்தை மூடிவிடுவார்கள். அதற்குப் பதில் குப்பைத் தொட்டியை எண்ணுங்கள். திட்டத்துக்கு முன் மூன்று நாள், அப்புறம் மாதம் ஒரு நாள், இடைவேளை முடிந்ததும் எல்லாத் தொட்டியிலும் பாக்கெட் உறை எத்தனை, பான டப்பா எத்தனை. கேன்டீனில் உறை குறைந்து தொட்டியில் குறையாவிட்டால் வாசல் பெட்டிக்கடையிலிருந்தோ வீட்டு டப்பாவிலிருந்தோ வருகிறது என்று பொருள். கடை என்றால் 50 மீட்டர் விதியைக் காட்டிப் பேசுங்கள். அப்போதும் கேட்காவிட்டால் உணவுப் பாதுகாப்பு அலுவலரிடம் எழுத்தில் கொடுங்கள்.

சர்க்கரைப் பலகையை வையுங்கள், ஆனால் கடைசியில். மேலே பலகை, கீழே கிரீம் பிஸ்கட் என்று இருந்தால் பிள்ளைகள் அதைப் படிக்கும், சிரிக்கும்.

பதில்: ஸ்டெத்

ஒரு எச்சரிக்கை. 2016-18 தேசிய ஊட்டச்சத்துக் கணக்கெடுப்பில் வளரிளம் பருவத்தினரில் 24 சதவீதம் பேர் மெலிந்தவர்கள், அதிக எடை 5 சதவீதம். தனியார் பள்ளியில் விகிதம் வேறாக இருக்கும், ஆனால் மெலிந்த பிள்ளை உங்கள் வகுப்பிலும் உட்கார்ந்திருக்கும். ஆகவே பால், முட்டை, நிலக்கடலை எதையும் ‘கொழுப்பு’ என்று பட்டியலிலிருந்து எடுக்காதீர்கள்.

காலை ஏழு மணி சிறப்பு வகுப்பு இருந்தால் அதையும் திட்டத்தில் எழுதுங்கள். 6 முதல் 12 வயதுக்கு 9 மணி நேரத் தூக்கமாவது வேண்டும். அந்த வகுப்பு தூக்கத்தையும் காலைச் சாப்பாட்டையும் ஒன்றாக விழுங்கிவிடுகிறது. பசியோடு வரும் பிள்ளை 10.40-க்கு எதை வாங்கும் என்று சொல்ல வேண்டியதில்லை.

பதில்: பெஆ_குழு

எல்லாவற்றையும் குறித்துக்கொண்டேன். கடைசியாக ஒன்று. பிறந்தநாள் மிட்டாய்? 40 பேர் வகுப்பில் மாதம் சராசரியாக மூன்று பிறந்தநாளாவது வருகிறது. நிறுத்தினால் பெற்றோர் சண்டைக்கு வருவார்கள்.

பதில்: அண்டா

மிட்டாயை நிறுத்தாதீர்கள், இடத்தை மாற்றுங்கள். மாதத்தின் கடைசி வெள்ளி அந்த மாதப் பிறந்தநாள் எல்லாருக்கும் சேர்த்து, கேன்டீனில் ஒரே கொண்டாட்டம், கடலை மிட்டாய் 20 கிராம் துண்டு. மற்ற நாளில் வகுப்பு நூலகத்துக்கு ஒரு புத்தகம், உள்ளே பிள்ளை பெயர். கூடவே ஆசிரியர்கள் சரியான விடைக்கு சாக்லேட் தருவதையும் நிறுத்தச் சொல்லுங்கள். பெற்றோர் சண்டைக்கு வந்தால் முதலில் கேட்பது அதைத்தான்.